மின்னணு மேசைப் பணிக்கு மல்டிமீட்டர் வாங்கும்போது

மின்னணுச் சுற்றுகளைச் சோதிப்பதற்காகக் கையடக்க மல்டிமீட்டர் வாங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அளக்கும் நேரத்தில் அந்த மீட்டரும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது என்பதே. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட வசதிகளை எண்ணுவதற்கு முன், கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு விவரங்களைத் தேடிப் படியுங்கள்.

ஒன்று, மின்னழுத்தம் அளக்கையில் மீட்டருக்குள்ள உள்ளீட்டு மின்தடை. 10 வோல்ட்டுக்குக் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியில் 5 வோல்ட் இருக்கும். 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட மீட்டர் அங்கே ஏறத்தாழ 4.76 வோல்ட் காட்டும்; 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட மலிவு மீட்டரோ அந்தப் புள்ளியையே 3.33 வோல்ட்டுக்கு இறக்கிவிடும். 10 மெகா ஓமுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

மற்றொன்று, மின்னோட்டம் அளக்கையில் மீட்டருக்குள்ளேயே இழக்கப்படும் மின்னழுத்தம். மில்லியாம்பியர் ஒன்றுக்கு 1.8 மில்லிவோல்ட் இழக்கும் மீட்டரின் வழியாக, 3.3 வோல்ட்டில் இயங்கும் வைஃபை சிப் ஒன்று 300 மில்லியாம்பியர் இழுக்கும் கணத்தில், அதற்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்து, சிப் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும். நான் இப்படித்தான் அரை நாள் முழுவதும் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். மீட்டரைக் கழற்றி நேராக இணைத்ததும் சுற்று ஒழுங்காக ஓடியது. பேட்டரியில் இயங்கும் கருவிகளைச் செய்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பேன்.

அடுத்தது கவுண்ட், அதாவது திரையில் மீட்டர் பிரித்துக் காட்டக்கூடிய எண் படிகளின் எண்ணிக்கை. 2000 கவுண்ட் மீட்டர் 5 வோல்ட்டை 5.00 என்றுதான் காட்டும். 6000 கவுண்ட் மீட்டர் 5.000 என்று காட்டும். ஆனால் துல்லியம் 0.5 சதவீதமும் 3 இலக்கமும் (கடைசி இலக்கத்தில் 3 வரை பிழை) என்றிருந்தால், அந்த அளவீட்டில் 28 மில்லிவோல்ட் வரை பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேசைப் பணிக்கு 6000 கவுண்ட் பெரும்பாலும் போதும். ட்ரூ ஆர்எம்எஸ் (அலைவடிவம் சீராக இல்லாத மாறுமின்னோட்டத்தையும் சரியாக அளக்கும் வசதி) இருந்தால் நல்லது. நேர்மின்னோட்டச் சுற்றுகளே உங்கள் வேலை என்றால் அதற்காகக் கூடுதலாகச் செலவிடத் தேவையில்லை.

ஸ்விட்ச் மோட் பவர் சப்ளைகளை (வீட்டு மின்சாரத்தைக் கருவிகளுக்கேற்ற நேர்மின்னோட்டமாக மாற்றுபவை) திறப்பவர்கள் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கியதும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். கேட் 3, 600 வோல்ட் (CAT III 600V) என்ற பாதுகாப்புத் தரக்குறியீடு இருக்கிறதா என்றும், மின்னோட்டம் அளப்பதற்கான ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. புரோபை அந்தத் துளையில் மறந்துவிட்டு மின்னழுத்தம் அளக்கப் போவது அனுபவசாலிகளுக்கும் நேரும் தவறு.

கடையிலேயே மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று விரைவாகத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் தாமதமின்றி பீப் ஒலிக்க வேண்டும். பிறகு டயோடு நிலையில் ஒரு வெள்ளை எல்இடியைத் தொட்டு, அது மங்கலாகவேனும் எரிகிறதா என்று பாருங்கள்.