கூட்டாக மென்பொருள் செய்கிறவர்களுக்கு

பொருளியல் கற்பிக்க நாலைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மென்பொருள் செய்யப்போகிறீர்களா? நிரலில் கைவைக்கும் முன் சமன்பாடுகளை எப்படி எழுதுவது, எந்தக் குறியீடு எதைக் குறிக்கும் என்று பேசி முடித்துவிடுங்கள். நான் இதில் சூடுபட்டவன். எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டை ஒரு துறை விலையிலிருந்து அளவு என்று எழுதியது. இன்னொன்று அளவிலிருந்து விலை என்று. ஒரே கோடுதான், ஆனால் ஒன்றில் சரிவு 2, மற்றதில் அரை. மாணவர் ஸ்லைடரை நகர்த்தினால் கோடு தாறுமாறாகச் சாய்ந்தது. இரண்டு வாரம் பாவம், நிரலாளரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பாடத் தலைப்புகளைத் துறைகளுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். எழுதிய துறையே தன் பாடத்தைச் சோதிக்கக் கூடாது. பக்கத்துத் துறை மாணவர்களிடம் கொடுங்கள். ஒருங்கிணைப்பு ஓரிடத்தில் இருக்கட்டும். 1990களில் பிரிட்டனின் எட்டுப் பல்கலைக்கழகத் துறைகள் சேர்ந்து வின்ஈகான் என்ற பொருளியல் பாட மென்பொருளைச் செய்தபோது பிரிஸ்டல் பல்கலைக்கழகம்தான் மையம். பதிப்புரிமை யாருக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள்.