இரணியல் பக்கம் இடம் வாங்குவோரும் விற்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1979 ஏப்ரலில் ரயில் ஓடத் தொடங்கியது முதல், கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல் நிலையத்தில் விடியற்காலையில் ஏறி இருட்டியபின் இறங்குகிற ஒரு கூட்டம் இருந்துவருகிறது. அரசு அலுவலர்கள், கடைச் சிப்பந்திகள், கட்டட வேலைக்குப் போவோர், மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வீட்டிலுள்ள நோயாளியை அழைத்துச் செல்வோர் என்று பலதரப்பட்டவர்களும் அதில் உண்டு. ஆனால் வீடு கட்ட இடம் தேடியவர்கள் நாகர்கோவிலில் பார்வதிபுரத்தையும் வெட்டூர்ணிமடத்தையும் கேட்டார்களே தவிர, இரணியலைக் கேட்டதில்லை. பழைய வேணாட்டு அரசர்களின் அரண்மனை சிதைந்து கிடந்த அந்த ஊர், தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவே கடந்து போகிற ஊராகவே பலருக்கும் இருந்தது. நகரத்துக்குள் 5 சென்ட் வாங்குவதே சம்பளக்காரருக்கு எட்டாமல் போனபிறகு, இப்போது பார்வை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பார்வை திரும்பும் வேகத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒரே தன்மையுள்ள பிழைகளைச் செய்கிறார்கள். வரப்போவதை வைத்து விலை பேசுகிறார்கள், இருப்பதைப் பார்ப்பதில்லை.

பயண நேரத்தைக் கால அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்வதில்தான் வாங்குபவரின் பிழை பெரும்பாலும் தொடங்குகிறது. இரட்டைப் பாதைப் பணி முழுவதும் முடியாத தடம் இது. எதிர்வண்டிக்காகப் பள்ளியாடியிலோ பாறசாலையிலோ நிற்பது தினசரிப் பயணிக்குப் பழகிப்போன விஷயம். எல்லா விரைவு வண்டிகளும் இரணியலில் நிற்பதில்லை. மாதாந்திரச் சீட்டு வைத்திருப்பவர் முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது என்பதால், அவருக்கு உண்மையில் பயன்படுகிற வண்டிகள் அட்டவணையில் உள்ளவற்றைவிடக் குறைவு. கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க் என்னும் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகிறவருக்குத் திருவனந்தபுரம் சென்ட்ரலோடு பயணம் முடிவதுமில்லை. விளையாடிப் பார்ப்பதுபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, ஒன்றேகால் மணி நேரம்தான் என்று முடிவுகட்டுவதைவிட, அலுவலக நாளில் வீட்டு வாசலிலிருந்து மேசை வரை ஒரு வாரம் போய்வந்து பார்ப்பது நல்லது. அதிலும் ஒரு நாள் மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. 2021 நவம்பர் மழையில் மண்சரிந்து இந்தத் தடத்தில் வண்டிகள் நின்றுபோனதை அன்றாடம் பயணம் செய்தவர்கள் மறக்கவில்லை.

நான்குவழிச்சாலை வரப்போகிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் இதே வகைப் பிழைதான். அத்தகைய சாலையில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. அது பக்கத்தில் ஓடுவதால் மட்டும் ஒரு வீட்டுக்குப் பயண நேரம் குறைந்துவிடாது. சாலைக்காகவோ ரயில்பாதைக்காகவோ நிலம் எடுக்கும் அறிவிப்பில் தம் நிலத்தின் புல எண் (சர்வே எண்) இருக்கிறதா என்று பாராமல் முன்பணம் கொடுப்பதோ இன்னும் மோசமான நிலைக்குத் தள்ளிவிடும்.

இனி நிலத்துக்கு வருவோம். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களின் குடியிருப்பு, தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் காணும் தெருக் குடியிருப்பைப் போன்றதன்று. ஒவ்வொரு வீடும் தன் விளைக்கு (மேட்டுத் தோட்ட நிலத்துக்கு) நடுவே, தென்னையும் வாழையும் சூழ, கிணற்றோடு தனித்து நிற்கும். ஒரு விளையிலிருந்து அடுத்த விளைக்கு ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதையே பல தலைமுறைகளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பாதையை வைத்துக்கொண்டு இன்று வீட்டுமனை விற்கிறார்கள். பத்திரத்தில் ‘வழிநடைப் பாத்தியம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், கார் போகும் உரிமை அதில் அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை அடி அகலம், எந்தப் புல எண்ணிலிருந்து எந்தப் புல எண் வரை, வண்டி வாகனம் செல்லலாமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘பக்கத்துக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார்’ என்ற வாய்வார்த்தை, பக்கத்துக்காரர் தம் இடத்தை விற்கும் நாள் வரைதான் செல்லும். சென்ட் ஒன்றுக்கு 435.6 சதுர அடி என்று கணக்காகப் பேசி வாங்குகிறவர்கள் வழிக்கு மட்டும் ஏன் அளவு கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

நீரைப் பற்றிய அலட்சியம் அதைவிடக் கடுமையானது. இங்கே மேட்டு நிலம் விளை, பள்ளத்து வயல் நிலம் ஏலா. பெயரே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். குளம் என்றோ ஏலா என்றோ முடிகிற இடத்தில் செம்மண் கொட்டிச் சமப்படுத்திய மனை கிடைத்தால், அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. பத்மநாபபுரம் புத்தனாறு போன்ற கால்வாய்களும் அவற்றின் கிளைகளும் குளங்களை நிரப்ப, ஒரு குளத்தின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் நீர், அடுத்த குளத்துக்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்திருந்தார்கள். அந்த மறுகால் ஓடையை அடைத்து மனை போட்டால் தண்ணீர் வழியை மறப்பதில்லை. புதிதாகக் கட்டிய வீட்டின் படிக்கட்டு வரை வந்து நிற்கும். ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் இறுதியிலும், பின்னர் 2021-லும் அதைக் கண்ணால் கண்டோம்.

ஆகவே பட்டாவை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது போதாது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்த நிலம் நன்செய்யா புன்செய்யா என்று பார்க்க வேண்டும். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) ஓடையோ வாய்க்காலோ அதன் எல்லையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் ஒரு முறையாவது நேரில் போய் நிற்க வேண்டும். விவசாய நிலத்தை மனையாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி தேவை. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபிறகு, மனைப்பிரிவை வரன்முறைப்படுத்துவதற்கு 2016 அக்டோபர் 20 என்ற வரம்பு நாள் வைத்து 2017-இல் விதிகள் வந்தன. ‘பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்று தரகர் சொல்வாரானால், அந்த நாளுக்கு முன் பதிவான பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.

ஆவணங்களில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண். அதனால் மூலப்பத்திரம் மலையாள எழுத்தில் இருக்கலாம். படிக்கத் தெரியாததால் அதை ஒதுக்கிவிட்டு, வில்லங்கச் சான்றில் சில பத்தாண்டுகளை மட்டும் பார்ப்பவர்கள், பாகம் பிரியாத பங்காளிகளைப் பின்னர் நீதிமன்றத்தில் சந்திக்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அவசரமாகக் கொடுத்த தொகையை ஊரின் விலையாகக் கொள்வதே பரவலான தவறு. அந்தத் தொகையை ஒட்டி அடுத்த ஆண்டு வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு குறிக்கும் நில மதிப்பு) உயர்ந்தால் அதன் சுமை வாங்கியவர் விற்றவர் இருவரையும் தாண்டிப் போகிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்புக்குக் குறையாத தொகையின் மேல்தான் கணக்கிடப்படுகின்றன என்பதால், அதே ஊரில் அக்காள் தங்கைக்கு 3 சென்ட் வாங்கிக்கொடுக்க நினைக்கும் உள்ளூர்க் குடும்பத்தையும் அது தொடும்.

விற்பவர் செய்யும் தவறுகள் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இழப்பு அவர்களுக்குத்தான் நிரந்தரமானது. மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்படும்போது, நல்ல விலை கிடைக்கிறது என்று சாலையோரத்து 10 சென்ட்டை விற்றுவிட்டுப் பின்பக்கத்து வீட்டையும் மிச்ச நிலத்தையும் வழியில்லாமல் ஆக்கிக்கொள்கிறார்கள். பின்னால் உள்ள நிலத்துக்கு அதற்குப்பிறகு விலையே இல்லை. முன்பக்கத்தை வாங்கியவர் கேட்பதுதான் விலை. முன்பகுதியை விற்றுத்தான் ஆகவேண்டுமென்றால், முதலில் குறைந்தது 12 அடி வழியைத் தம் பெயரிலேயே அளந்து நிறுத்திக்கொண்டு, மீதத்தை விற்க வேண்டும். வாங்க வருபவர் அதற்காகச் சென்ட்டுக்குச் சற்றே குறைத்துக் கேட்டாலும் ஒப்புக்கொள்வது நட்டமில்லை.

ஒற்றிக்குக் குடியிருப்பவர்களைக் கணக்கில் எடுக்காமல் ‘ஊர் முன்னேறுகிறது’ என்று பேசுவதையும் தவறு என்றே சொல்வேன். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது அதே தொகையைத் திரும்பப் பெறும் இந்த ஏற்பாட்டில்தான் இங்கே பல தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. பகுதிக்கு மவுசு கூடும்போது வீட்டுக்காரர் பழைய தொகையைக் கையில் கொடுத்து வெளியேறச் சொல்வார். ஐந்தாண்டுக்கு முன் கொடுத்த அந்தத் தொகைக்கு இன்று அதே ஊரில் வீடு கிடைக்காது. வெறும் முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைத்திருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாகாது. கால அளவையும் காலிசெய்யத் தரவேண்டிய அவகாசத்தையும் தெளிவாக எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

பெரிய வீடுகள் எழுவதை ஊர் செழிப்பதன் அடையாளமாகக் கொள்கிறவர்கள், இரவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்றும் எண்ணிப் பார்க்கட்டும். ஆண்டில் 11 மாதம் பூட்டிக்கிடக்கும் வீடு மளிகைக் கடையையோ அரசுப் பள்ளியையோ தாங்குவதில்லை. வந்து குடியேறுகிறவர்களும் முதல் வேலையாக மண்வரப்பை இடித்து ஆளுயரச் சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். அது அவர்கள் உரிமைதான். ஆனால் சுவர் கட்டுமுன் மழைநீர் எந்தப் பக்கம் ஓடியது, எந்த ஒற்றையடிப் பாதை அதன் வழியே போனது என்று பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கேட்டுவிட்டுக் கட்டலாம். முட்டத்திலிருந்தும் கடியபட்டணத்திலிருந்தும் மீன் கொண்டுவரும் பெண்கள் அந்தப் பாதைகளில்தான் வீடுவீடாக நடக்கிறார்கள். பாதை அடைபட்ட விளைகளுக்கு அவர்கள் வருவதில்லை. அங்கே குடியிருப்பவர்கள் மீன் வாங்க வண்டியெடுத்துத் திங்கள்சந்தைக்குப் போகிறார்கள்.