ஆம்ப்ளிஃபயரைப் புகைய வைக்கும் இணைப்புகள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஸ்பீக்கர்கள் பெருகிவிடும். வரவேற்பறையில் இரண்டு, வாசலில் ஒன்று, ஆட்டிறைச்சி கொதிக்கும் சமையலறையில் இன்னொன்று. எல்லாம் ஒரே ஆம்ப்ளிஃபயரில். மதியத்துக்குள் கருகல் வாடை வரும். விற்ற கடைக்காரரைத் திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன். அன்று தப்பு முழுக்க என் வயரிங்கில் இருந்தது.

மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கர்கள் இரண்டைச் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பாக ஒரே சேனலில் (இடது அல்லது வலது வெளியீட்டில்) சேர்த்தால் 16 ஓம் ஆகும் என்று மனக்கணக்குப் போடுகிறோம். உண்மையில் 4 ஓம் ஆகிறது. நான்கைச் சேர்த்தால் வெறும் 2. ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் தள்ளுகிறது என்று வையுங்கள்: 8 ஓமுக்கு 2.5 ஆம்பியர் போதும், 2 ஓமுக்கு 10 ஆம்பியர் வேண்டும். ஒரு குழாய்க்குக் கட்டிய தொட்டியில் நான்கு குழாயைத் திறந்துவிட்ட கதைதான்.

நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரே சேனலில்தான் ஓட வேண்டும் என்றால், இரண்டிரண்டாகத் தொடராக (ஒன்றின் கறுப்பை அடுத்ததன் சிவப்போடு) இணைத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் (சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பாக) சேர்த்தால் மறுபடி 8 ஓமே கிடைக்கும். நான்கும் ஒரே ரகமாக இருப்பது நல்லது. முன்பக்கத்தில் இரு ஜோடி ஸ்பீக்கர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏ, பி பொத்தான்கள் இருந்தால் இரண்டையும் அழுத்தும் முன் பின்பலகையைப் படியுங்கள். ஒரு ஜோடிக்கு 4 ஓம் தாங்கும் கருவி, இரு ஜோடிக்குப் பெரும்பாலும் 8 ஓமுக்குக் குறையாத பெட்டிகளைத்தான் கேட்கும். அந்தச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்!

கோயில் திருவிழாவில் நீண்ட வயரில் பல குழல்களை ஓட்டிய 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னொரு வம்பு. அந்த 100 வோல்ட் முனையில் வீட்டு 8 ஓம் பெட்டியை மாட்டினால், முழுச் சத்தத்தில் கணக்குப்படி 1250 வாட் கேட்கும். ஒன்று ஸ்பீக்கர் சுருள் கருகும், இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் படுத்துவிடும். ஒலிபெருக்கிக் குழல்களோடு மின்மாற்றி வருவது இதற்காகத்தான்.

பிரிட்ஜ் செய்தால், அதாவது இரு சேனல்களையும் சேர்த்து ஒரே பெட்டியை ஓட்டினால், சக்தி கூடும் என்பது உண்மையே. ஆனால் 8 ஓம் பெட்டியை ஒவ்வொரு சேனலும் 4 ஓமாகத்தான் உணரும். கையேடு அனுமதிக்காத கருவியில் தொடவே வேண்டாம். அதேபோல், இரு சேனல்களின் கறுப்பு முனைகளை ஒரே கம்பியில் கட்டி வயரை மிச்சம் பிடிக்காதீர்கள். இன்றைய சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அது நேரடி ஷார்ட்.

சிவப்பும் கறுப்பும் ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் எதுவும் எரியாது. தவிலின் தடித்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் மட்டும் எங்கோ தொலைந்துபோகும். நாம் பாட்டைக் குறை சொல்வோம். சந்தேகமாக இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். நேர்முனை சிவப்பில் பட்டால் கூம்பு பொதுவாக முன்னே வரும். தொடும் முன் ஆம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றிவிடுங்கள்.

வாசல் வரை 10 மீட்டர் ஓடும் வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் என்றால், போக வர ஏறக்குறைய 0.7 ஓம் தடை வழியிலேயே சேரும். 1.5 என்றால் 0.23 தான். முனையைச் சீவும்போது ஒரு செம்பிழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் அந்தச் செம்பு பச்சை பூத்திருந்தால், பளபளப்பு தெரியும்வரை வெட்டிவிட்டு முறுக்குங்கள், சுவிட்சை அணைத்த பிறகு.