மாறா முடுக்கக் கணக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ளஸ் ஒன் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இயக்கச் சமன்பாடுகள் (v = u + at, s = ut + ½at² போன்றவை) மனப்பாடம். முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், மாறாமல் இருக்கும்வரைதான் அவை செல்லும். ஆனாலும் கணக்கில் மதிப்பெண் போகிறது. முடுக்கம் எதிலிருந்து எதுவரை மாறாமல் இருக்கிறது என்று பார்க்காமலே எண்களைப் போட்டுவிடுவதுதான் முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் மாம்பலத்தை நெருங்குகிறது. பிரேக் போட்டதும் ஒவ்வொரு வினாடிக்கும் 1 மீ/வி வேகம் குறைகிறது. பிரேக் போட்டு 30 வினாடி ஆகும்போது எவ்வளவு தூரம் போயிருக்கும்? 72-ஐ 3.6-ஆல் வகுத்தால் 20 மீ/வி. (72-ஐ அப்படியே போடுபவர்களும் உண்டு, முதல் வரியிலேயே மாற்றி எழுதிவிடுங்கள்.) s = ut + ½at²-இல் நேரத்துக்கு 30 போட்டால் 600 − 450 = 150 மீட்டர். பார்க்க நல்ல விடை, ஆனால் தவறு. ரயில் 20-ஆவது வினாடியிலேயே 200 மீட்டர் ஓடி நின்றுவிட்டது. மீதி 10 வினாடியும் சமன்பாடு அதைச் சைதாப்பேட்டை பக்கமாக 50 மீட்டர் பின்னோக்கி ஓட்டியிருக்கிறது! அதனால் பிரேக் கணக்கு என்றாலே நிற்கும் நேரத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

மெட்ரோ ரயில் வேகமெடுத்து, சீராக ஓடி, பிறகு நிற்கிறது என்று வந்தால் அது மூன்று கணக்கு. ஒரே சமன்பாட்டில் அடக்கக் கூடாது.

அடுத்து, பந்து. 15 மீட்டர் உயர மொட்டை மாடி விளிம்பிலிருந்து 10 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் வேகம் சுழி, சரி. முடுக்கமும் சுழி என்று எழுதுவது தவறு. அப்படி இருந்தால் பந்து அங்கேயே நின்றுவிடும். ஏறும்போது ஒரு குறி, இறங்கும்போது வேறு குறி என்று மாற்றுவதும் வேண்டாம். மேல்நோக்கி நேர்க்குறி என்றால் முடுக்கம் கடைசிவரை −10, எறிந்த இடத்திலிருந்து தரை −15.

தரையில் விழுந்த பந்து நின்றுவிடுகிறதே என்று இறுதி வேகத்தைச் சுழி என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பந்து தரையைத் தொட்டதும் முடுக்கமே வேறு. தொடுவதற்குச் சற்று முன்வரைதான் நம் கணக்கு. அப்போது வேகம் கீழ்நோக்கி 20 மீ/வி.

பந்து தரைக்கு வரும் நேரத்துக்கு 3, −1 என்று இரண்டு விடை வரும். 3 வினாடிதான் நமக்கு வேண்டியது. −1 என்பதற்கும் பொருள் உண்டு: நாம் எறிவதற்கு 1 வினாடி முன்பு யாராவது தரையிலிருந்து 20 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்திருந்தால், அதுவும் நாம் எறியும் அதே நொடியில் மாடி விளிம்பை நம் பந்தின் 10 மீ/வி வேகத்தில்தான் தாண்டியிருக்கும்.