ஓடையில எந்த மீன் இல்லைன்னு பாக்குறது எப்படி

ஓடை நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு தெரிஞ்சுக்க தண்ணி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினா அந்த நேரத்துல தண்ணி எப்படி இருந்துச்சுன்னுதான் தெரியும், போன வாரம் ராத்திரியோட ராத்திரியா எவனாவது கழிவ தொறந்துவிட்டிருந்தா அது இந்நேரம் அடிச்சிட்டு போயிருக்கும். மீன் அப்படி இல்ல, வருஷக்கணக்கா அங்கயே கெடக்குது. இத வச்சுதான் 1981ல ஜேம்ஸ் கார்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி மீன வச்சு ஓடைக்கு மார்க் போடுற ஒரு ஸ்கோர் முறை கொண்டுவந்தாரு, மீன் வகை, எண்ணிக்கைன்னு 12 அம்சம், ஒவ்வொண்ணுக்கும் 5, 3, 1னு மார்க், ஃபுல் மார்க் 60.

மொதல்ல ஓடையோட அகலத்த அளங்க, அதுல 40 மடங்கு நீளத்துக்கு மீன் பிடிச்சா சலசலன்னு ஓடுற எடம், மடு, வேர் தொங்குற கரையோரம்னு எல்லாமே உள்ள வந்துரும். வழக்கமா முதுகுல மாட்டுற எலக்ட்ரோஃபிஷிங் மிஷின்தான், தண்ணியில கரண்ட் பாய்ச்சும், மீன் கொஞ்ச நேரம் மயங்கும், அள்ளி வாளியில போட்டுக்கலாம். ட்ரெயினிங், பர்மிஷன் இல்லாம அத தொடாதீங்க, கரண்ட் சமாச்சாரம். வலைன்னா ஒவ்வொரு தடவையும் அதே வலை, அதே நீளம், இல்லன்னா போன வருஷத்தோட ஒப்பிடவே முடியாது. தண்ணி கலங்கி ஓடும்போது போய் பிரயோஜனம் இல்ல.

வாளி நெறைஞ்சிருச்சுன்னு சந்தோஷப்பட வேணாம். சாக்கடை கலக்குற ஓடையிலயும் கெடச்சதெல்லாம் திங்கிற மீன் எக்கச்சக்கமா இருக்கும். யார் காணோம்னு பாருங்க: சரளைக்கல் இடுக்குல முட்ட போடுற மீன் இல்லன்னா வண்டல் வந்து அடைச்சிருக்கலாம், பூச்சி திங்கிற மீன் கொறைஞ்சா பூச்சியே கொறைஞ்சிருக்கலாம், மத்த மீனப் புடிச்சு திங்கிற பெரிய மீனும் இருக்கான்னு பாக்கணும். அப்புறம் கைய நனைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா தூக்கிப் பாருங்க, துடுப்பு ஓரம் அரிச்சிருக்கா, புண்ணு, கட்டி, வளைஞ்ச முதுகு இருக்கா, எண்ணி எழுதிட்டு ஒடனே தண்ணியில விட்டுருங்க.

மார்க் போடுறதுலதான் பலபேர் கோட்ட விடுறாங்க. எவ்வளவுக்கு எத்தன மார்க்னு ஜேம்ஸ் கார் போட்ட நம்பரெல்லாம் அமெரிக்காவோட மிட்வெஸ்ட்ங்கிற பகுதி ஓடைகளுக்கானது, அப்படியே தூக்கி வேற எடத்துல வைக்கக்கூடாது, அதே பகுதியில அதே சைஸ்ல அவ்வளவா கெடாத ஓடை எதுவோ அதோட ஒப்பிடணும். பெரிய ஓடைன்னா மீன் வகையும் இயல்பாவே அதிகம், மேல உற்பத்தியாகுற எடத்துல நாலு வகை இருந்தாலே ஃபுல் மார்க்கா இருக்கலாம். குளிர்ந்த தண்ணி ஓடையில இன்னும் தலைகீழ், நெழல் போய் தண்ணி சூடானா புது மீனுங்க ஏறி வந்து வகை கூடும், அது கெட்டதுக்கு அடையாளம். மீனே சிக்கலன்னா ஒவ்வொண்ணுக்கும் 1னு 12 மார்க் போட்டுறாதீங்க, அதுக்கு ‘மீன் இல்லை’ன்னே தனி வகுப்பு இருக்கு.