சோலார் வாட்டர் ஹீட்டர் போடப் போறீங்களா? உயரத்த மட்டும் சரியா பாத்துக்கோங்க

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்கலாம். மாடில கரண்ட் எடுக்குற பேனல் வேற, இது வேற. இதுல கரண்டே தயாராகறதில்ல, வெயிலோட சூட்ட புடிச்சு நேரா தண்ணிக்குள்ள ஏத்துறது, அவ்ளோதான். வெயில்ல கெடந்த ஹோஸ் பைப்ப மத்தியானம் தொறந்தா முதல்ல வர்ற தண்ணி சுடும்ல, அதே சமாச்சாரம் தான். அந்த சூடு மறுநாள் காலைல வரைக்கும் ஆறாம இருக்கணும், அதுக்கு தான் மத்த ஏற்பாடெல்லாம்.

தண்ணி எப்படி சுத்துதுன்னு புரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. சூடான தண்ணி லேசாகும், லேசானது மேல ஏறும், கனமான பச்சத்தண்ணி கீழ எறங்கும். அதனால தான் வெயில் வாங்குற பகுதி கீழயும் டேங்க் அதுக்கு மேலயும் இருக்கு. கீழ சூடான தண்ணி தானா டேங்குக்கு போகும், டேங்கோட அடித்தண்ணி தானா கீழ வரும், வெயில் இருக்குற வரைக்கும் இது சுத்திட்டே இருக்கும், மோட்டார் வேணாம் சுவிட்ச் வேணாம். தெர்மோசைஃபன்னு இதுக்கு பேரு.

ஸ்டெப் 1, எவ்ளோ லிட்டர் வேணும்னு பாருங்க. பக்கெட்ல குளிக்குற ஆளுக்கு 25 லிட்டர் வெந்நீர் போதும், பச்சத்தண்ணி கலந்துப்பீங்கல்ல. நாலு பேருக்கு 100 லிட்டர். ஷவர்னா கூடவே வேணும். பெருசா வாங்கி வச்சா நல்லதுன்னு நெனைக்காதீங்க, டேங்க் மட்டும் பெருசா இருந்தா அதே வெயில் அத்தனையையும் சூடாக்கணும்.

ஸ்டெப் 2, எந்த டைப். ரெண்டு தான் பரவலா இருக்கு. ஒண்ணு கண்ணாடிக் குழாய் வச்சது: ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய், நடுவுல காத்த உறிஞ்சி எடுத்து சீல் பண்ணிருப்பாங்க, உள்குழாய்ல கருப்புப் பூச்சு. ஃப்ளாஸ்க் மாதிரியே தான், வெளிச்சம் உள்ள போகும், சூடு வெளிய வராது, அதனால குளிர்லயும் நல்லா வேலை செய்யும். இன்னொண்ணு தட்டையான பெட்டி, மேல கண்ணாடி, உள்ள கருப்புத் தகடு, அதோட ஒட்டுன செப்புக் குழாய். இது சுலபத்துல உடையாது, ரொம்ப வருஷம் உழைக்கும், ஆனா உப்புத் தண்ணின்னா அந்த மெல்லிசு செப்புக் குழாய்ல உப்பு படிஞ்சு அடச்சுக்கும். போர்த் தண்ணி கடினமா இருந்தா நான் கண்ணாடிக் குழாய் தான் சொல்லுவேன், அதுலயும் உப்பு படியும் தான், ஆனா வாய் அகலம், கழட்டி கழுவிரலாம்.

ஸ்டெப் 3, இடம். காலைல 9 மணிலேர்ந்து சாயங்காலம் 3, 4 மணி வரைக்கும் நெழல் விழக்கூடாது. பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்குறவங்க தெற்க பாத்து வைக்கணும், தெற்க இருக்குறவங்க வடக்க பாத்து. சாய்வு உங்க ஊரோட அட்சரேகை எத்தனை டிகிரியோ கிட்டத்தட்ட அத்தனை, குளிர்காலத்துல தான் அதிகம் தேவைன்னா ஒரு 10 டிகிரி கூட்டிக்கலாம்.

ஸ்டெப் 4 தான் முக்கியம், உயரம். பச்சத்தண்ணி டேங்க் எல்லாத்துக்கும் மேல, அதுக்கு கீழ சோலார் டேங்க், அதுக்கும் கீழ வெயில் வாங்குற பகுதி. இந்த வரிசை மாறுனா தண்ணி வராது, இல்ல சூடாகாது. அப்புறம் சோலார் டேங்க் மேல ஒரு ஏர் வென்ட் பைப் நீட்டிட்டு இருக்கும், ஆவியும் காத்தும் போறதுக்கு. அதோட வாய் பச்சத்தண்ணி டேங்க் நெறஞ்சா தண்ணி நிக்குற மட்டத்துக்கும் மேல இருக்கணும். எங்க வீட்ல ஃபிட்டிங் பண்ண வந்தவரு அத ஒரு அடி கம்மியா விட்டுட்டு போயிட்டாரு, டேங்க் நெறையுற அன்னிக்கெல்லாம் ராத்திரி பூரா மாடில வெந்நீர் வழியுது, நாங்க லீக்குன்னு நெனச்சு ஒவ்வொரு ஜாயிண்டா டேப் சுத்திட்டு இருந்தோம், கடைசில ஒரு துண்டு பைப் சொருகுனதும் நின்னுருச்சு! அந்த வாய எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீங்க, பிரஷர் ஏறி டேங்க் வீங்கிரும்.

ஸ்டெப் 5, பைப். சாதாரண பிவிசி வெந்நீருக்கு ஆகாது, எளகி வளஞ்சுரும், சூடு தாங்குற பைப்பான சிபிவிசி போடுங்க, மேல இன்சுலேஷன் சுத்துங்க. பாத்ரூம் தூரமா இருந்தா பைப்புல நிக்குற ஆறுன தண்ணி மொதல்ல வரும், 15 மில்லிமீட்டர் உள்விட்டம்னா 10 மீட்டருக்கு 1.8 லிட்டர் கிட்ட. கம்மி தான், ஆனா தெனமும் ஒவ்வொரு தடவையும் வீணாகும், பக்கெட்ல புடிச்சு வேற வேலைக்கு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 6, முதல் தடவை தண்ணி விடுறது விடியக்காலைல. காலிக் கண்ணாடிக் குழாய் வெயில்ல காஞ்சு பயங்கரமா சுடும், அதுல மத்தியானம் பச்சத்தண்ணி பட்டா பட்டுனு வெடிச்சுரும்.

மிச்சம் எவ்ளோன்னு கேப்பீங்க, கணக்கு போடலாம். 100 லிட்டர் தண்ணிய 25 டிகிரிலேர்ந்து 60 டிகிரிக்கு கொண்டு போக 4 யூனிட் கரண்ட் கிட்ட ஆகும், அதாவது 2 கிலோவாட் கீசர் ரெண்டு மணி நேரம் ஓடணும். வெயில் அடிக்குற நாள்ல அந்தக் கரண்ட் அப்படியே மிச்சம். தொடர்ந்து மேகமூட்டம்னா தண்ணி வெதுவெதுன்னு தான் இருக்கும், அதுக்கு டேங்க்ல எலக்ட்ரிக் காயில் வச்சிருப்பாங்க. அத காலைல போட்டு மறக்காதீங்க, வெயில் செய்ய வேண்டிய வேலைய கரண்ட் செஞ்சுரும், சாயங்காலம் தண்ணி தொட்டு பாத்துட்டு தேவைன்னா போடுங்க.

கண்ணாடிக் குழாய் ஒண்ணு கெட்டுப்போச்சான்னு கண்டுபுடிக்க ஒரு ஈசியான வழி இருக்கு, அடி நுனிய பாருங்க. நல்ல குழாய்ல வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுக்கும், அது பேரியம்ங்கிற உலோகத்தோட பூச்சு. பால் மாதிரி வெளுத்துருச்சுன்னா உள்ள காத்து பூந்துருச்சு, அந்த ஒரு குழாய மட்டும் மாத்துனா போதும், மொத்தமா மாத்தணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.