கரைந்த மெதேனை அளக்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

மாரி மழை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக் குளங்களும் வழுக்கையாறும் நிரம்பியதும், போத்தல், கயிறு, ஐஸ் பெட்டி சகிதம் சில பிள்ளைகளாவது நீர் மாதிரி எடுக்க வெளிக்கிடுவார்கள். நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை அவர்களும் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உலகில் வெளியேறும் மெதேனில் பாதிவரை நீர்நிலைகளிலிருந்து வருகிறது என்று அண்மைய மதிப்பீடுகள் சொல்கின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 80 மடங்கு. எங்கள் நீரேரியின் கணக்கை நாங்கள்தான் அளந்து சொல்லவேண்டும். அதைச் சரியாக அளக்கவேண்டும்.

போத்தலில் பெயர் ஒட்ட மறப்பது, நேரம் குறிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும்.

நாற்றம் வந்தால் மெதேன் என்று நினைப்பது

கூழ்முட்டை மாதிரி நாறுவது ஐதரசன் சல்பைட்டு. மெதேனுக்கு மணமே இல்லை.

வாளியில் அள்ளிப் போத்தலில் ஊற்றுவது

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அராலிப் பக்கம், வழுக்கையாறு நீரேரியில் விழும் இடத்தில், ஒரு தம்பி வாளியை வீசித் தண்ணீர் அள்ளினான். அதைப் புனல் வைத்துப் போத்தலுக்குள் சலசலவென்று ஊற்றி, மூடியை இறுக்கி என்னிடம் நீட்டினான். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். கடலைப் பருப்பு அளவில் ஒரு குமிழி அடியிலிருந்து மேலே ஓடியது.

"சின்னக் குமிழிதானே அக்கா, பரவாயில்லையோ?"

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. மெதேன் தண்ணீரில் தங்க விரும்பாத வாயு. 30 பாகை வெப்பநிலையில் ஒரே அளவு தண்ணீரும் காற்றும் ஒன்றாக நின்றால், தண்ணீரில் ஒரு பங்கு மெதேன் இருக்கும்போது காற்றில் 30 பங்குக்கு மேல் இருக்கும். 60 மில்லிலீற்றர் போத்தலில் 1 மில்லிலீற்றர் குமிழி நின்றால், கரைந்திருந்த மெதேனில் மூன்றிலொரு பங்கு அந்தக் குமிழிக்குள் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நம்பமாட்டீர்கள்.

ஊற்றுவது அதைவிட மோசம். சோடாவை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றி மாற்றி ஊற்றினால் என்ன மிஞ்சும்? வளிமண்டலத்தோடு சமநிலையில் நிற்கும் தண்ணீரில் லீற்றருக்கு 2 முதல் 3 நனோமோல் மெதேன்தான் இருக்கும். ஊற்ற ஊற்ற எந்தத் தண்ணீரும் அந்த எண்ணை நோக்கியே இறங்கும். குப்பை கொட்டி நாறிப்போன குளமும், நல்ல தண்ணீர்க் கிணறும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியத் தொடங்கும். ஒரு குழு இப்படித்தான் மாதிரி எடுத்து, "இக்குளத்திலிருந்து குறிப்பிடத்தக்க மெதேன் வெளியேற்றம் இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிட்டது. கரையில் நின்று பார்த்தாலே குமிழி விடுவது தெரியும் குளம் அது. பிழை தெரியவந்தபோது தண்ணீர் வற்றிவிட்டது. அடுத்த மாரி வரை காத்திருக்கவேண்டியதாயிற்று, வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜீ.சி. கருவியில் அளக்கக் கட்டிய காசும் போனது. காசு போனதைவிட, அந்த அறிக்கையை யாராவது நம்பிக் குளத்தை அப்படியே விட்டுவிடுவார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

மெல்லிய ரியூப் ஒன்றைப் போத்தலின் அடி வரை விடுங்கள். சிரிஞ்சாலோ சிறு பம்பாலோ தண்ணீரை மெதுவாக விட்டு, போத்தல் கொள்ளும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வழிந்து ஓடவிடுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரியூப்பை வெளியே எடுத்தால் வாயில் தண்ணீர் குவிந்து நிற்கும். பியூட்டைல் இறப்பர் அடைப்பானில் ஊசி ஒன்றைக் குத்திவைத்து அழுத்தினால் மிச்சத் தண்ணீர் ஊசி வழியே வெளியேறும். ஊசியை இழுத்துவிட்டு அலுமினிய மூடியை நெரியுங்கள். சிலிக்கோன் அடைப்பான் வேண்டாம், அது வாயுவைக் கசியவிடும். பிறகு தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. வெயிலில் சுட்ட தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்தால் தண்ணீர் சுருங்கும். 30 பாகையிலிருந்து 4 பாகைக்கு வரும்போது 60 மில்லிலீற்றரில் கால் மில்லிலீற்றர் அளவு குறையும். அப்போது சிறு குமிழி தோன்றுவது இயல்பு. அடைப்பான் இறுக்கமாக இருந்தால் உள்ளே இருந்த மெதேன் உள்ளேயேதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பியவர்கள் உண்டு. அந்த மாதிரி அதோடு முடிந்தது.

உப்புத் தண்ணீரில் மெதேன் வராது என்று விடுவது

பாதி உண்மை. கடல் நீரில் சல்பேற்று நிறைய இருக்கிறது. சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியா, மெதேன் ஆக்கும் நுண்ணங்கிகளின் உணவைத் தட்டிப் பறித்துவிடும். ஆனால் கண்டல் சேற்றில் அந்தப் பற்றீரியா விரும்பாத மெதைல் சேர்வைகள் கிடைக்கும்; அவற்றிலிருந்து உப்பிலும் மெதேன் உண்டாகும். மாரியில் நீரேரி நன்னீராகும்போது கதையே மாறும். ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவரும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் பொறியியலாளர் ஆறுமுகம் காலத்திலிருந்து பேசப்படுகிறது. எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. உப்பும் சல்பேற்றும் குறைந்த சேற்றில் மெதேன் கூடக்கூடும் என்பதால், முன்னும் பின்னும் அளந்து வைக்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

சேற்றில் இறங்கிக் கலக்குவது

1776 இல் வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி வந்த குமிழிகளைப் பிடித்துத்தான் மெதேனைக் கண்டறிந்தார். அவருக்கு வாயு வேண்டியிருந்தது. உங்களுக்கு அமைதியாக நிற்கும் தண்ணீரின் அளவு வேண்டும். நீண்ட தடியில் ரியூப்பைக் கட்டிக் கரையிலிருந்து எடுங்கள். தானாக எழும் குமிழியை அளக்க, தண்ணீருக்குள் கவிழ்த்த புனல் தனியாக வேண்டும்.

மேல் தண்ணீரோடு நிறுத்துவது

நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. ஒரு போத்தல் போதாது.

கிணற்றுக்குள் இறங்குவது

இறங்கவேண்டாம். ஒட்சிசன் இல்லாத காற்று கண்ணுக்குத் தெரியாது.

வெப்பநிலையும் உப்பும் குறிக்காமல் வருவது

இரண்டும் இல்லாமல் கரைதிறன் கணக்கு இல்லை. போத்தலில் வெளிக்காற்றை விட்டுக் குலுக்கி அளப்பவர்கள், அந்தக் காற்றிலேயே பத்து லட்சத்தில் 1.9 பங்கு மெதேன் இருப்பதைக் கழிக்கவேண்டும்.

நுண்ணங்கிகளை உயிரோடு அனுப்புவதும், கழிவை ஊற்றுவதும்

இரவு பஸ்ஸில் மாதிரி தெற்கே உள்ள ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், மெதேனை உண்ணும் பற்றீரியா ஒட்சிசனைக் கொண்டு அதை உண்டு குறைத்துவிடும். ஆகவே மூடிய உடனேயே, களத்திலேயே, நஞ்சு சேர்க்கவேண்டும். பலர் மேர்க்கூரிக் குளோரைட்டு சேர்ப்பார்கள். அது பாதரச உப்பு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. நாகக் குளோரைட்டு போதுமான இடத்தில் நான் அதையே சொல்வேன். எதைச் சேர்த்தாலும், அளந்து முடிந்த தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது மண்ணில் வடிகட்டப்படாமலே அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போய்விடும். தனிக் கானில் சேர்த்து, உள்ளே இருக்கும் நஞ்சின் பெயரைப் பெரிதாக எழுதி, இரசாயனக் கழிவை ஏற்கும் ஆய்வுகூடத்திடம் கையில் கொடுங்கள்.